கியர்பாக்ஸில் ஒரு குறையுமில்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் கோபப்பட்டுப் பேசியதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. "ஒரு பழைய கியர்பாக்ஸுக்காக வண்டியவே குடுத்துடுவாங்களாப்பா? அம்மா அந்த வண்டி இல்லாம என்ன பண்ணுவாங்க? நான் ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டாய். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாய். உன் அம்மா அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுபட அதையெல்லாம் ஃபோனில் விளக்க எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்னும் சில வாரங்களில் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் ஷாலினியும் இதைப் படிக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

எங்கள் பிழைப்பு இட்லி மாவு. இங்கே சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தை வாடகைக்கு எடுத்து, நான் அரைப்பேன், உன் அம்மா வசந்தா கொண்டுபோய்க் கொடுப்பாள். தேக்காவில் நாலைந்து கடை, கேலாங்கில் ஒன்று, செங்காங்கில் ஒன்று என்று தீவு முழுக்க மாவு வாளிகளோடு சுற்றுவாள். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நான் உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை போக எனக்கு வெட்கம். "போதும் விடுங்க, நான் இருக்கேன்ல" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றிலிருந்து நான் அவளுக்கு இடப்பக்கத்தில் உட்காருகிற ஆள்.

அவள் ஓட்டக் கற்றது பழைய வேனில். அது கிளட்ச் வைத்த வண்டி. உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு நடுவில் உட்கார்ந்து, அவள் கைக்கு அடியில் உன் கையை வைத்துக் கியர் குச்சியைப் பிடித்துக்கொள்வாய். நீ "இப்போ" என்று சொன்னால்தான் அவள் கியர் மாற்றுவாள். உண்மையில் அவள் முதலிலேயே கிளட்சை மிதித்துவிட்டு உன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வேன் போன பிறகுதான் கிளட்சே இல்லாமல் தானாகக் கியர் மாறும் இந்த ஆட்டோ கியர் பிக்கப் வந்தது. "இடது காலுக்கு இனிமே லீவு" என்று சொல்லிச் சிரித்தாள். முதல் ஒரு வாரம் அந்தக் காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு பழகிவிட்டது. நீ படித்து முடித்து வேலைக்குப் போன காலம் முழுக்க அவள் அந்தப் பிக்கப்பைத்தான் ஓட்டினாள்.

வண்டியில் முதலில் வந்த கோளாறு நிஜமான கோளாறு. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் நாங்கள் எல்லாரும் ஏமாந்ததற்கு அதுதான் காரணம். காலையில் வண்டியைக் கிளப்பி, கியர் குச்சியை முன்னால் போவதற்கான டி-யில் போட்டால் சும்மா நிற்கும். மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி நகரும். புக்கிட் தீமா மேட்டில் ஏறும்போது என்ஜின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. அப்புறம் ஒரு குலுக்கலோடு அடுத்த கியருக்குத் தாவும். அவள் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் சந்திரனிடம் வண்டியைக் கொண்டுபோனாள். நானும் போயிருந்தேன். அவர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, கியர் குச்சியை மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுவந்தார். பிறகு கியர் எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். அந்த எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்க வேண்டுமாம். துணியில் காப்பித்தூள் நிறம். மோந்து பார்த்தேன், அடிப்பிடித்த பாலின் வாடை.

"எண்ணெய் கருகிப் போச்சுண்ணே. அடித்தட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் உள்ள என்னன்னு சொல்ல முடியும்" என்றார். கழற்றினார். தட்டில் இருந்த காந்தத்தில் சாம்பல் மாதிரி இரும்புத் தூள் படிந்திருந்தது. தூளாக இருந்தால் தேய்மானம்தான், துண்டு துண்டாக இருந்திருந்தால் கியர்பாக்ஸ் முடிந்தது என்று அர்த்தம் என்று சொன்னார். வடிகட்டி அடைத்துப் போயிருந்தது. எண்ணெயை எந்தக் கியருக்கு அனுப்புவது என்று திறந்து மூடுகிற வால்வு ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. உன் அம்மா உனக்கு ஃபோன் செய்து அதைப் பெருமையாகச் சொன்னாளே, நினைவிருக்கிறதா? "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இதுக்குக் கவலையில்ல" என்று.

சில மாதம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தது. "கியர் மாற மாட்டேங்குதுங்க. பாதி வழியில இழுக்குது, அப்புறம் பாயுது" என்றாள். அவள் மாவு கொண்டுபோகும் நேரத்தில் நான் அடுத்த அரைப்பில் இருப்பேன், அதனால் கூடப் போவதில்லை. பழைய கோளாறு திரும்ப வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. சந்திரனுக்கும் அப்படித்தான். அவர் கம்பியை இழுத்தார், எண்ணெய் சிவப்பாகவே இருந்தது. கணினியை மாட்டிப் பார்த்தார், கோளாறு எதையும் காட்டவில்லை. விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லையே அக்கா, நல்லாத்தான் போகுது" என்றார். உன் அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் தினம் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். அவளை யாரும் அதுவரை வண்டி விஷயத்தில் மறுத்துப் பேசியதில்லை. சந்திரன் கியர் குச்சியிலிருந்து கீழே போகும் கேபிளைச் சரிசெய்தார். என்ஜினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினார். எதுவும் பலிக்கவில்லை. அந்த நாட்களில்தான் நீ, "புது கியர்பாக்ஸ் போட்டுடலாம்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். நான் சரி என்றேன். எனக்கும் கியர்பாக்ஸ்தான் கெட்டது என்று நம்பிக்கை இருந்தது தம்பி. அந்த நம்பிக்கை எவ்வளவு நல்ல நம்பிக்கை என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டிய நாளில் சந்திரன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கையில் பிரேக் கட்டை ஒன்றை வைத்திருந்தார். காகிதம் மாதிரி மெலிந்திருந்தது.

"அண்ணே, இத நான் மாத்தி ரொம்ப நாள் ஆகல. இவ்ளோ சீக்கிரம் இப்படித் தேயாது லா. நான் ஓட்டுனா கியர் சரியா மாறுது. என் பட்டறையில வேற ஆள் ஓட்டுனாலும் சரியா மாறுது. அக்கா ஓட்டும்போது நீங்க ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் கியர்பாக்ஸ இறக்கலாம்."

என்ன சந்தேகப்பட்டார் என்று நான் பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் அரைப்பதை நிறுத்திவிட்டு அவளோடு கிளம்பினேன். "என்ன அதிசயமா இருக்கு" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். கொஞ்ச தூரம் நன்றாகப் போனது. ஒரு சிக்னலில் நின்றோம். விளக்கு பச்சையானது. அவள் வலது கால் முடுக்கியை அழுத்தியது. வண்டி நகர்ந்து வேகம் பிடிக்கும்போது அவள் இடது கால் மெதுவாக எழுந்து பிரேக்கின் மேல் இறங்கியது. ஆட்டோ வண்டியில் பிரேக் மிதி அகலமாக இருக்கும், இரண்டு காலும் அதில் பதியும். இடது கால் அழுத்த, வண்டி இழுபட்டு என்ஜின் கத்தியது. அதே நேரத்தில் அவள் இடது கை கியர் குச்சியை டி-யிலிருந்து இரண்டுக்கு இழுத்தது. பிறகு காலை எடுத்தாள். வண்டி முன்னால் பாய்ந்தது. வாளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

"பாத்தீங்களா? இதத்தான் சொல்றேன். கியர் விழவே மாட்டேங்குது" என்றாள்.

நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கால் அது. மிதித்து, கியரைப் போட்டு, விட்டு, ஏற்றுகிற அந்த வரிசையில் ஒரு தப்பும் இல்லை. பழைய வேனாக இருந்தால் அவ்வளவு அழகாக ஓடியிருக்கும். அவள் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சிக்னலிலும் அப்படியே செய்தாள். அதற்கடுத்ததில் சரியாக ஓட்டினாள், இடது கால் அசையவே இல்லை. பிறகு மறுபடியும். வெளியே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கக் காத்து நின்றார்கள்.

"வசந்தா, அந்த கார்பார்க்ல கொஞ்சம் நிறுத்தேன்" என்றேன்.

நிறுத்தினாள். குச்சியை நிறுத்தத்துக்கான பி-யில் சரியாகப் போட்டாள். "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "கீழ எத்தனை மிதி இருக்கு பாரு" என்றேன். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அவளைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து நான் பார்த்தறியாத முகம் அது.

"இது ஆட்டோ வண்டி" என்றாள்.

"ஆமா."

"நான் கிளட்ச் மிதிக்கிறேனா?"

"சில நேரம்."

"அப்ப கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல?"

"இல்ல வசந்தா. அது நல்லா இருக்கு."

அவள் அழவில்லை. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, என் மடியில் வைத்தாள். "இனிமே என்னைய ஓட்ட விடாதீங்க. பிள்ளைங்க யாராச்சும் குறுக்க வந்தா என்ன ஆகும்?" என்றாள். நான் அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டேன் என்று நீ நினைத்திருந்தால், நடந்தது இதுதான். ஓட்டத் தெரியாத என் மடியில் அந்தச் சாவி கிடந்தது. பின்னால் மாவு வெயிலில் பொங்கத் தொடங்கியிருந்தது.

சந்திரனுக்குத்தான் ஃபோன் செய்தேன். வேலையைப் போட்டுவிட்டு டாக்சியில் வந்தார். "அக்கா, நீங்க வழி சொல்லுங்க, நான் ஓட்டுறேன்" என்றார். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், அவள் நடுவில். தேக்காவுக்குள் எந்தச் சந்தில் நுழைந்தால் லாரிகள் மறிக்காது, எந்தக் கடையில் பின்வாசலில் இறக்க வேண்டும், எந்தக் கடைக்காரருக்குப் புளிப்புக் குறைவாக வேண்டும், எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். கேலாங்கிலும் அப்படித்தான். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. களைப்பாக இருக்கும், தூக்கம் பத்தவில்லை, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

செங்காங்கில் அவள் காட்டிய அடுக்குமாடிப் புளோக்கின் கீழே சந்திரன் வண்டியை நிறுத்தினார். அவளே இறங்கி ஒரு வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அங்கே இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. நாங்கள் முன்பு மாவு கொடுத்துவந்த சாப்பாட்டுக் கடை இருந்த இடம் அது. அந்தச் சாப்பாட்டுக் கடையை நடத்தியவர் இறந்துபோய், கடையை மூடி, எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. துக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே போயிருந்தோம். செங்காங்கில் இப்போது நாங்கள் கொடுக்கும் கடை அடுத்த தெருவில் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் இருந்த சீனப் பெண் உன் அம்மாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். உன் அம்மா வாளியோடு வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள், மேலே பெயர்ப்பலகையைப் பார்த்தாள், திரும்பி என்னைத் தேடினாள். நான் ஓடிப்போய் வாளியை வாங்கிக்கொண்டேன். "அவர் போயிட்டாருல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள். தனக்காக அழுதாளா, அந்த மனிதருக்காக மறுபடியும் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

பிறகு நடந்ததை நீண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லை. முதலில் காட்டிய அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். மாவு எப்படிப் பதமாக அரைப்பது என்று டாக்டருக்கே பாடம் எடுத்தாள். எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்தாள். "முதுமை மறதி நோய்" என்று அந்தப் பெண் டாக்டர் தமிழில் சொன்னபோது, "எனக்கு இன்னும் முதுமையே வரலையேம்மா" என்றாள். மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது போவதைக் கொஞ்சம் மெதுவாக்கும், போனதைத் திருப்பிக் கொண்டுவராது.

அன்று வீட்டுக்கு வரும் வழியில், "கல்யாணம் முடியறவரைக்கும் அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதனால்தான் உன்னிடம் கியர்பாக்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிற்கூடத்தைக் காலி செய்தோம். பழைய வண்டிகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ஒருவர் பிக்கப்பை எடுக்க வந்தார். "கியர் எப்படி?" என்று கேட்டார். உன் அம்மா முந்திக்கொண்டு, "கியர்ல ஒரு குறையும் இல்ல. தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றாள். வண்டி கார்பார்க் சரிவில் இறங்கித் திரும்பும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது கியர் மாறும் சத்தத்தைக் கேட்டாள். "ரெண்டு... மூணு" என்று வாய்க்குள் எண்ணினாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

நீ ஃபோனில் கோபப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் மனம் மாறினாள். நல்ல தெளிவோடு இருந்த ஒரு காலை அது. "அவன்கிட்ட எழுதிடுங்க. கல்யாணத்தன்னிக்கு நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டா அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படக்கூடாது. அத்தைக்கு நம்மளப் பிடிக்கலையோன்னு நெனச்சுடக்கூடாது. எனக்கு அவளப் பிடிச்சிருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். அம்மா ஷாலினி, இது உனக்கு உன் மாமியார் சொல்லியனுப்பியது. இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

தம்பி, நீ வந்ததும் அவளைப் பரீட்சை செய்யாதே. "இவங்க யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால் அவர்களைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போ. சொன்னதையே சொன்னால் முதல் முறை கேட்கிற மாதிரி கேள். நான் எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை. சில நாள் அலுத்துப்போய்ச் சத்தம் போட்டுவிடுகிறேன். அவள் பயந்து மூலையில் போய் உட்காருவாள், காரணம் அவளுக்கு மறந்துபோகும், பயம் மட்டும் மறக்காது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று இருக்கிறது. ஷாலினி எதையாவது சரியில்லை என்று சொன்னால், அது வண்டியோ வீடோ வேலையோ, ஆள் அனுப்பிச் சரிபார்த்துவிட்டோம் என்று இருந்துவிடாதே. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்.

இந்தக் கடிதத்தை விட்டு விட்டு எழுதுவதால் மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்றுக் காலை நீ அம்மாவுக்கு ஃபோன் செய்து, கல்யாணப் புடவை என்ன நிறம் வேண்டும் என்று கேட்டாய். அவளைச் சிரிக்க வைத்தாய். உன் வேலையைப் பற்றி, அங்கே குளிர் ஆரம்பித்ததைப் பற்றி எல்லாம் சொன்னாய். அவளும் "சாப்பிட்டியாப்பா, சளி பிடிக்காம பாத்துக்க" என்று ஒழுங்காகப் பேசினாள். உனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நீ வைத்த பிறகு ஃபோனைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எவ்ளோ அன்பாப் பேசுறான் அந்தப் பையன். அவனப் பெத்தவ குடுத்து வச்சவ" என்றாள்.

"ஆமா வசந்தா, குடுத்து வச்சவதான்" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றிக்கொண்டு அதற்கு முன்னாலேயே வந்துவிடு.

அப்பா